போர்க்களத்தை மறுபடி காட்டும் வைத்தியம்

ஆல்பர்ட் ரிஸ்ஸோவை அவருடைய துறையில் யாரும் ஆல்பர்ட் என்று கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் ஸ்கிப் ரிஸ்ஸோ. மெய்நிகர் உலகத்தை மனநலச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர்கள் என்று நாலைந்து பேரைச் சொன்னால் அதில் அவர் பெயர் கட்டாயம் இருக்கும். ஆனால் அவர் கம்ப்யூட்டர்காரர் இல்லை. தலையில் அடிபட்டு ஞாபகமும் கவனமும் சிதறிப்போனவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மருத்துவ உளவியலாளர்.

அந்த வேலையில் அப்போது இருந்த கருவிகள் காகிதமும் பென்சிலும்தான். எண்களை வரிசையாக எழுது, படத்தைப் பார்த்து மனதில் வை, இதைத் தேடி வட்டமிடு என்று தாள் தாளாகப் பயிற்சிகள். கார் விபத்தில் முன்மூளை காயப்பட்ட ஓர் இளைஞர் அந்தத் தாள்களோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்காரமாட்டார். ஒருநாள் அதே இளைஞர் மரத்தடியில் குனிந்து உட்கார்ந்து, புதிதாக வந்திருந்த கேம் பாய் கருவியில் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்ததை ரிஸ்ஸோ பார்த்தார். அக்கம்பக்கமே தெரியாத ஆட்டம். இந்தச் சம்பவத்தை அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோளாறு கவனத்தில் மட்டும் இல்லை, கொடுக்கிற பயிற்சியிலும் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. சிம்சிட்டி போன்ற விளையாட்டுகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து வி.ஆர். எனப்படும் மெய்நிகர் உலகத்தின் பக்கம் போவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

ஆனால் 1990களின் வி.ஆர். இன்றைய வி.ஆர். இல்லை. தலையில் மாட்டுகிற ஹெட்செட் கழுத்தை இழுக்கும். தலையைத் திருப்பினால் படம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பும். அந்த இடைவெளியில் வயிற்றைப் பிரட்டும். கண் 'நகர்கிறாய்' என்கிறது, உள்காது 'இல்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில் வருகிற குமட்டல் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. இதையெல்லாம் ஓட்டுகிற கம்ப்யூட்டரின் விலையில் ஒரு வீடே வாங்கலாம். பத்திரிகைகள் ஆகா ஓகோ என்று எழுதி ஓய்ந்தபின், அந்தப் பத்தாண்டின் நடுவில் இந்தத் தொழிலைப் பலரும் கைகழுவிவிட்டார்கள்.

கைகழுவாதவர்களில் இருவர் அட்லாண்டாவில் இருந்தார்கள். எமோரி பல்கலைக்கழக உளவியலாளர் பார்பரா ராத்பாம், ஜார்ஜியா டெக் கணினி விஞ்ஞானி லாரி ஹாட்ஜஸ். 1995இல் உயரம் என்றாலே நடுங்குகிற மாணவர்களை மெய்நிகர் பாலத்திலும் பால்கனியிலும் கண்ணாடி லிஃப்டிலும் ஏற்றினார்கள். படங்கள் கார்ட்டூனைவிட மோசம். ஆனாலும் உள்ளங்கை வியர்த்தது, முழங்கால் ஆடியது. சிகிச்சையை முடித்த 10 பேரில் 7 பேர், யாரும் போகச் சொல்லாமலே, நிஜ உயரங்களில் ஏறிப் பார்த்திருந்தார்கள்.

படம் அச்சு அசலாக இருக்கவேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு பாடம். தலையை அசைத்தால் உலகமும் அதற்கேற்ப அசையவேண்டும்; அது போதும், 'இங்கே இருக்கிறேன்' என்று மூளை நம்பிவிடுகிறது. மெல் ஸ்லேட்டர் இந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர். அவருடைய குழு 2006இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர்ப் பெண் ஒருத்திக்கு 'மின் அதிர்ச்சி' கொடுக்கச் சொன்னார்கள். எதிரே இருப்பது பொம்மை என்று பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். இருந்தும் அவளைக் கண்ணால் பார்த்தவர்களின் இதயமும் தோலும் ஓர் உயிரை வதைப்பதுபோலவே துடித்துக் காட்டின. பொய் என்று தெரிந்தும் உடம்பு மெய்யாக எடுத்துக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் முதல். இதிலுள்ள ஆபத்துக்கும் அதே முதல்தான்.

1997இல் ராத்பாம் குழு வியட்நாம் போரில் இருந்துவந்த முன்னாள் சிப்பாய்களிடம் போனது. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தூங்க முடியாதவர்கள் அவர்கள். செய்துவைத்தவை இரண்டே காட்சிகள்: காட்டுக்கு மேல் பறக்கும் ஹியூ ஹெலிகாப்டர், காடு சூழ்ந்த ஒரு வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் நின்ற சிலர் எதிரிச் சிப்பாய்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள், டாங்கியைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். நிரலில் இரண்டும் கிடையாது. இடம் மட்டும்தான் கம்ப்யூட்டர் கொடுத்தது. மிச்சத்தை அவரவர் ஞாபகம் நிரப்பிக்கொண்டது.

ரிஸ்ஸோ அந்த நாட்களில் குழந்தைகளோடு இருந்தார். கரும்பலகை, மேசைகள், ஆசிரியை, விளையாட்டுத் திடலைக் காட்டும் ஜன்னல் என்று ஒரு மெய்நிகர் வகுப்பறையைச் செய்து, கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளை அதில் உட்காரவைத்தார். பலகையில் குறிப்பிட்ட எழுத்து வரும்போது பொத்தானை அழுத்தவேண்டும். நடுவில் காகித விமானம் பறக்கும், வெளியே கார் போகும். பிள்ளை பொத்தானை விட்டதா என்பதோடு தலை எந்தப் பக்கம் திரும்பியது, கை கால் எவ்வளவு ஆடியது என்பதையும் ஹெட்செட் எழுதிக்கொண்டே இருந்தது. நம் அசைவை இந்தக் கருவி இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துக்கொள்கிறது என்பது அன்று வரமாகத்தான் தெரிந்தது. வேறு முகம் பின்னால் தெரிய வந்தது.

இராக் போர் தொடங்கியது 2003இல். ரிஸ்ஸோ வேலை பார்த்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் படைப்புத் தொழில்நுட்பக் கழகம் அமெரிக்க ராணுவப் பணத்தில் 1999இல் தொடங்கப்பட்டது. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்ற எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்குப் பின்னாலும் அந்தக் கழகம் இருந்தது. மண்நிறச் சுவர்கள், சந்தை, குறுக்குச் சந்துகள் என்று ஒரு மத்திய கிழக்கு நகரமே அந்த விளையாட்டில் தயாராக இருந்தது. சுடுவதற்காகக் கட்டப்பட்ட அந்த ஊரைக் குணப்படுத்துவதற்கு எடுத்துக்கொண்டார் ரிஸ்ஸோ. 'வர்ச்சுவல் இராக்' பிறந்தது இப்படித்தான். பின்னாளில் அதன் பெயர் 'பிரேவ்மைண்ட்'.

இதன் அடிப்படை புதியதல்ல. எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கோர நினைவை ஒதுக்கி ஒதுக்கி ஓடுவதால்தான் நோய் நிலைக்கிறது. பாதுகாப்பான இடத்தில், துணைக்கு ஆள் இருக்கும்போது அதற்கு நேரே நின்றால் பயம் மெல்ல வடியும். ஆனால் ஓடி ஓடிப் பழகிய மனசுக்கு அந்தக் காட்சியைக் கற்பனையில் கொண்டுவரவே பிடிக்காது. வாய் கதையைச் சொல்லும், உள்ளம் எங்கேயோ இருக்கும். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் ரிஸ்ஸோ கட்டினார்.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஒரு சிறு மேடை, அதன் அடியில் ஒலிபெருக்கி. வெடித்தால் அதிர்வு உள்ளங்கால் வழியே ஏறும். ரோந்து நடந்தவர் கையில் எம்-4 துப்பாக்கியின் மாதிரி, அதில் கட்டைவிரலால் தள்ளி நடக்க ஒரு சிறு குமிழ். ஹம்வீ ராணுவ வண்டியில் போனவருக்கு நாற்காலி. பக்கத்தில் ஒரு வாசனைப் பெட்டி. எரிந்த ரப்பர், டீசல், வெடிமருந்து, குப்பை, வியர்வை, இராக்கியச் சமையல் மசாலா எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் காற்றோடு வரும். ஞாபகத்தை எழுப்ப மூக்கைப்போல் வேறு புலன் இல்லை என்பது அந்த அறையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எதிரே சிகிச்சையாளர். அவருக்கு முன்னால் ஒரு திரை. பகலா இரவா, மணற்புயல் வேண்டுமா, தொழுகை அழைப்பு கேட்கவேண்டுமா, தூரத்தில் ஹெலிகாப்டரா, பக்கத்தில் துப்பாக்கிச் சூடா, எல்லாம் அவர் விரலில். முதல் நாளே குண்டு வெடிக்காது. முதலில் பேச்சு, நோயைப் பற்றிய விளக்கம். பிறகு வெறும் தெரு. நோயாளி நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். 'இப்போ எவ்வளவு?' என்று சிகிச்சையாளர் அவ்வப்போது கேட்கிறார். பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை நோயாளி சொல்கிறார். எண் ஏறினால் சிகிச்சையாளர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இறங்கும்வரை அங்கேயே நிற்கவைக்கிறார். கதையில் புகை வந்தால்தான் திரையில் புகை. செத்துப்போன தோழனின் முகத்தை யாரும் வரைந்து வைப்பதில்லை. ஹெட்செட்டைக் கழற்றியவுடன் வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. என்ன நடந்தது, என்ன தோன்றியது என்று உட்கார்ந்து பேசி, மூச்சு சீரான பிறகுதான் கதவு திறக்கும்.

முதல் முடிவுகள் தலைப்புச் செய்தியாயின. சிகிச்சையை முடித்த 20 பேரில் 16 பேருக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று சொல்வதற்கான அறிகுறிகள் மிஞ்சவில்லை என்று 2010இல் வெளியிட்டார்கள். சராசரியாக 11 அமர்வுகூட ஆகவில்லை. போரிலிருந்து திரும்பியபின் மனநல மருத்துவமனை வாசலை மிதிக்கக் கூசிய இளைஞர்கள், விளையாட்டுக் கருவிபோல இருந்த இதற்கு வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. வந்தால்தானே வைத்தியம்?

ஆனால் அந்த 20 பேருக்கு எதிரே, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2016இல் கிரெக் ரீகர் குழு பணியிலிருந்த 162 படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வி.ஆர்., ஒரு பிரிவுக்குக் கண்ணை மூடிச் சொல்லும் பழைய முறை, ஒரு பிரிவு காத்திருந்தது. காத்திருந்தவர்களைவிடச் சிகிச்சை பெற்ற இரு பிரிவும் தேறின. ஆனால் வி.ஆர். பழைய முறையை முந்தவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய முறையே ஒரு படி மேலே நின்றது.

கருவி விற்பவர்கள் இந்த ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கண்ணை மூடினால் தன் தெரு தானாகவே வருகிறவருக்கு அடுத்தவர் வரைந்த தெரு இடைஞ்சலாகக்கூட இருக்கலாம். 2022இல் ஜோஆன் டிஃபீடே குழு வெளியிட்ட ஆய்வில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இந்த நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து பீடித்தவர்களுக்கு வி.ஆர். கூடுதலாக உதவியது, மனச்சோர்வு இல்லாதவர்களுக்குப் பழைய முறையே மேல். ஆக, கேட்கவேண்டிய கேள்வி 'வி.ஆர். நல்லதா' என்பதல்ல, 'யாருக்கு' என்பது.

ஒரு துறையில் மட்டும் இவ்வளவு தயக்கம் தேவைப்படவில்லை: வலி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன் சிலந்திப் பயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். சிலந்தி வந்துவிடுமோ என்று இரவுதோறும் படுக்கையறை ஜன்னலை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை 12 அமர்வுகளில் மீட்டது அவர் குழு. மெய்நிகர்ச் சிலந்தியைத் தொடும்போது கையில் தட்டுப்பட நிஜத்தில் ஒரு மயிரடர்ந்த பொம்மைச் சிலந்தி. பிறகு ஹார்பர்வியூ மருத்துவமனையில் டேவிட் பேட்டர்சனோடு சேர்ந்து தீக்காய நோயாளிகளிடம் வந்தார். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது தினமும் நடக்கும் கொடுமை. மார்ஃபின் கொடுத்தும் அந்த நேரத்து வலி அடங்காது. ஹாஃப்மன் அவர்களைப் பனிப் பள்ளத்தாக்கில் விட்டார். பென்குவின், பனிமனிதன், மாமூத் யானை, எறிய ஏராளமான பனிப்பந்து. 'ஸ்னோவேர்ல்ட்' என்று பெயர். 2004இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சூட்டு வலி கொடுத்து மூளையை எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, வலியோடு தொடர்புள்ள ஐந்து பகுதிகளிலும் செயல்பாடு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வலிக்கும் கவனம் தேவை. கவனத்தைப் பனி தின்றுவிட்டால் வலிக்கு மிச்சம் குறைவு.

இப்படி ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்த கருவி வெளியே வந்த கதையிலும் ரிஸ்ஸோவின் கட்டடத்துக்குப் பங்கு உண்டு. 2011இல் அங்கே பகுதிநேர வேலை பார்த்த ஓர் இளைஞர், மலிவான ஹெட்செட் செய்யவேண்டும் என்று அலைந்தார். அவர் பால்மர் லக்கி. 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 2014இல் அவருடைய ஆக்குலஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்குப் பேசி வாங்கியது. வீட்டு விலையில் இருந்தது கைபேசி விலைக்கு வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. கருவி வீட்டுக்குள் வந்தது, 'இப்போ எவ்வளவு?' என்று கேட்கிற ஆள் வரவில்லை.

பேய் விளையாட்டு ஒன்றை ஹெட்செட்டில் ஆடுகிறவர் பயம் உச்சத்தில் இருக்கும்போது கழற்றி வீசுவார். சிகிச்சையாளர்கள் கண்ணும் கருத்துமாகத் தவிர்ப்பது இதைத்தான். பயம் இறங்கும் முன் ஓடினால், ஓடியதால் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். 2016இல் ஒரு பெண், அம்பு எய்யும் வி.ஆர். விளையாட்டில் முகமறியா ஆட்டக்காரன் தன் மெய்நிகர் உடம்பைத் தொட்டுத் துரத்தியதைப் பற்றிப் புனைபெயரில் எழுதினார். 'பொம்மையைத்தானே தொட்டான்' என்று கேலி செய்தவர்கள் ஏராளம். சிலந்தியைத் தொட்டால் உடம்பு நம்புகிறது என்று இருபது வருடம் நிரூபித்த துறைக்கு அந்தக் கேலி செல்லாது. 2022இல் ஃபேஸ்புக் நிறுவனம், இப்போதைய பெயரில் மெட்டா, தன் மெய்நிகர் உலகத்தில் ஒருவரை ஒருவர் நெருங்க முடியாதபடி ஏறத்தாழ நான்கடி இடைவெளி வைத்தது, இதுபோன்ற புகார்களுக்குப் பிறகுதான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பம். ஸ்டான்ஃபோர்டில் செகோவியா, பெய்லன்சன் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உருவமே திமிங்கிலங்களோடு நீந்துவதை வி.ஆரில் பார்த்தார்கள். சில நாள் கழித்துக் கேட்டால், சில பிள்ளைகள் நிஜமாகவே நீந்தியதாக நினைத்தார்கள். மெட்டா தன் ஹெட்செட்டுக்கு வைத்திருந்த 13 வயது வரம்பை, பெற்றோர் நிர்வகிக்கும் கணக்காக இருந்தால் 10 போதும் என்று 2023இல் தளர்த்தியது.

பெரியவர்களும் தப்பவில்லை. 2022இல் ஒரு வார அலுவலக வேலையை முழுக்க ஹெட்செட்டிலேயே செய்யவைத்துப் பார்த்த ஆய்வில் இரண்டு பேர் முதல் நாளே விலகிக்கொண்டார்கள். தொடர்ந்த 16 பேருக்குச் சராசரியாகக் கண்வலியும் எரிச்சலும் பதற்றமும் கூடின. ஹெட்செட்டைக் கழற்றியபின் நிஜ உலகமே கொஞ்சம் தூரத்தில் நிற்பதுபோலச் சிலருக்குத் தோன்றுவதும் பதிவாகியிருக்கிறது. மெய்நிகர் வகுப்பறையில் வரமாகத் தெரிந்த அசைவுக் கணக்கின் மறுமுகம் 2023இல் வந்தது. பீட் சேபர் என்ற வி.ஆர். விளையாட்டை ஆடிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவரை, 100 விநாடி தலை-கை அசைவை வைத்தே நூற்றுக்கு 94 முறை சரியாக அடையாளம் காட்டியது ஒரு நிரல். பெயரை மறைத்துக்கொண்டு ஆடினாலும் ஆட்டமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2020இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, நோயில் இறந்த ஏழு வயது மகளின் உருவத்தைப் பல மாதம் உழைத்து உருவாக்கி, தாயை அவளோடு சந்திக்கவைத்து ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் அழுதார்கள். சிகிச்சை அறைகளில் யாரும் வரையாத அந்த முகத்தை இங்கே வரைந்திருந்தார்கள். அந்தத் தாய்க்கு ஆறுதல் கிடைத்திருக்கலாம். அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் துக்கத்தில் இருக்கிற அடுத்த வீட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், அது வைத்தியம் இல்லை, நிகழ்ச்சி.

அப்படியானால் சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாமல் வி.ஆர். கூடவே கூடாதா? அதற்கும் பதில் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் 2018இல் உயரப் பயம் கொண்ட 100 பேரை எடுத்துக்கொண்டார். அவர்களில் வி.ஆர். பெற்றவர்களைப் பத்து மாடி மெய்நிகர்க் கட்டடத்தில் நடத்திச் சென்றது ஒரு மெய்நிகர்ப் பயிற்சியாளர், ஆள் இல்லை. மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையைக் காப்பாற்றுவது, விளிம்பில் நின்று பந்து எறிவது என்று ஏறுவரிசையில் வேலைகள். பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. அடுத்து, இல்லாத குரல் கேட்கிறவர்களுக்கும் சந்தேகம் பிடித்து ஆட்டுகிறவர்களுக்கும் வி.ஆர். ஆகாது என்ற பொதுப் பயத்தையே அவர் சோதித்தார். மனச்சிதைவு போன்ற நோய்களால் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சிய 346 பேரில் பாதிப் பேரை, பேருந்து, கடை, தேநீர் விடுதி, மருத்துவரின் காத்திருப்பு அறை போன்ற காட்சிகளில் பழக்கினார். 2022இல் வந்த முடிவில் அதிகம் பலன் பெற்றவர்கள் அதிகம் முடங்கிக் கிடந்தவர்கள்தாம். அங்கேயும் பயிற்சியாளர் மெய்நிகர்தான். ஆனால் அறையில் ஒரு மனநலப் பணியாளர் உடனிருந்தார். எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பதை உளவியலாளர்கள் உட்கார்ந்து வகுத்திருந்தார்கள்.

ரிஸ்ஸோ, ராத்பாம், மரியா ஷுல்தைஸ் மூவரும் வி.ஆர். சிகிச்சையின் அறம் பற்றி 2002லேயே சேர்ந்து எழுதினார்கள். ஹெட்செட் அன்றைக்கு ஆய்வுக்கூடங்களில்தான் இருந்தது. இன்று மாலில் இருக்கிறது, வீட்டு அலமாரியில் இருக்கிறது, மனநலச் செயலி விற்பவரின் விளம்பரத்தில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது பயமோ பழைய அதிர்ச்சியோ இருந்து, இதைச் சிகிச்சையென்று யாராவது உங்களிடம் நீட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். நடுவில் தாங்க முடியவில்லை என்றால் காட்சியைக் குறைக்கப் போவது யார்? கழற்றிய பிறகு உட்கார்ந்து பேசப் போவது யார்? இரண்டுக்கும் ஒரு பயிற்சி பெற்ற ஆளின் பெயர் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.